எரிபொருள் உணரி எங்கே இருக்கிறது?

மோட்டார் காரில் ஓர் உறுப்பைத் தேடுவோர் இரு வகையினர். ஒரு வகையினர் பானட்டைத் திறந்து, கண்ணில் பட்ட கம்பிகளையெல்லாம் அசைத்துப் பார்ப்பர். மற்றொரு வகையினர், "நான் தேடும் உறுப்பு என்ன வேலை செய்கிறது?" என்று முதலில் கேட்டுக்கொள்வர். முன்னவருக்குப் பொழுதும் பணமும் போகும். பின்னவருக்கு உறுப்பு கிடைக்கும். பின்னவர் வழியில் காரின் எரிபொருள் உணரிகளைத் தேடிக் கண்டுபிடிப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

நம் மன்றத்து நண்பர்கள் சிலர் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பழைய கார் வாங்குகின்றனர். விடுமுறை வந்தால் அதிலேயே சென்னைக்கும் மதுரைக்கும் புறப்படுகின்றனர். ஐதராபாத்தைச் சுற்றி 158 கிலோமீட்டர் நீளத்துக்கு வெளிவட்டச் சாலை இருப்பதை நாம் அறிவோம். அதில் லாரிகள் விரையும் இரவு வேளையில், "அரைத் தொட்டி இருக்கிறது" என்று காட்டிய முள்ளை நம்பிச் சென்ற கார் பெட்ரோல் இன்றி நின்றுவிட்டால் நிலைமை என்னவாகும்? எரிபொருள் உணரி பொய் சொல்வது சில வேளைகளில் உயிருக்கே உலை வைக்கும். ஆகவே இவ்வறிவு பொறியியல் மாணவருக்கு மட்டும் உரியதன்று. கார் ஓட்டும் எவருக்கும் உரியது.

சொல் ஒன்று

கடைகளில் 'சென்சார்' என வழங்குவதையே இங்கு 'உணரி' என்கிறேன். கடைக்காரரிடம் சென்சார் என்றே கேளுங்கள். ஆனால் சிந்திக்கும்போது உணரி என்று சிந்தியுங்கள். 'உணர்வது' என்ற பொருள் அச்சொல்லிலேயே இருப்பதால், எதை உணர்கிறது என்ற கேள்வி தானே எழும். தாய்மொழியில் அறிவியல் பேசுவது நாம் வாழும் இந்நகருக்குப் புதியதன்று. 1918-இல் உஸ்மானியாப் பல்கலைக்கழகம் உருதுமொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்டு தொடங்கிற்று. அதற்கென ஒரு மொழிபெயர்ப்பு நிலையமும் அமைந்து, அறிவியல் நூல்களை உருதுவில் ஆக்கியது.

உணரி என்பது யாது?

பழைய கார்புரேட்டரில் ஒரு சிறு மிதவை உண்டு. கிண்ணத்தில் பெட்ரோல் ஏறினால் அது மேலெழுந்து ஊசி வால்வை மூடும். குறைந்தால் தாழ்ந்து திறக்கும். அது பெட்ரோலின் மட்டத்தை அறிகிறது. ஆனால் யாருக்கும் செய்தி சொல்வதில்லை. ஆகவே அதை நாம் உணரி என்பதில்லை. தான் அறிந்ததை மின்குறியாக மாற்றி வேறோர் இடத்துக்கு அனுப்புவதே உணரி. அச்செய்தி முன்பலகையில் உள்ள முள்ளுக்குப் போகலாம், அல்லது இ.சி.யு. எனப்படும் கணிப்பெட்டிக்குப் போகலாம்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. செய்தி கம்பி வழியாக எவ்வளவு தொலைவும் செல்லும். ஆனால் உணரி, தான் அளக்கும் பொருளைத் தொட்டுக்கொண்டோ அதன் அருகிலோதான் இருக்க முடியும். எனவே "உணரி எங்கே?" என்று கேட்பதற்கு முன் "அது எதை அளக்கிறது?" என்று கேளுங்கள். விடை கிடைத்தால் இடமும் கிடைக்கும். கார் எந்த நிறுவனத்துடையதாயினும் இவ்விதி பொருந்தும்.

ஒன்றாக இருந்தது பலவாயிற்று

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரைப் பலரும் அறிவர். அதன் தொட்டி 28 லிட்டர் கொள்ளும். கார்புரேட்டர் பூட்டிய அந்நாளைய வண்டியில் எரிபொருள் உணரி என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று: தொட்டியில் இருந்த மிதவைக் கருவி. புகைக் கட்டுப்பாடு வந்த பிறகே உணரிகள் பெருகின. 2000-ஆம் ஆண்டை ஒட்டி அதே காரில் கார்புரேட்டர் போய், கணிப்பெட்டியின் ஆணைப்படி பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் முறை வந்தது.

2010 ஏப்ரல் முதல் நாளன்று 13 நகரங்களில் பாரத் நிலை 4 விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் ஐதராபாத்தும் ஒன்று, சென்னையும் ஒன்று. அத்துடன் இந்நகரங்களில் மாருதி 800 விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தியே முடிந்தது. நிலை 4 விதிகள் 2017 ஏப்ரலிலும், நிலை 6 விதிகள் 2020 ஏப்ரலிலும் நாடெங்கும் பரவின. ஒவ்வொரு படி ஏறும்போதும் கணிப்பெட்டிக்குக் கூடுதலான செய்தி தேவைப்பட்டது. ஆகவே உணரிகளும் கூடின.

ஏரியும் வாய்க்காலும்

எரிபொருள் செல்லும் வழியை நம் ஊர்ப் பாசனத்தோடு ஒப்பிட்டால் எளிதில் நினைவில் நிற்கும். ஏரியில் நீர் தேங்குகிறது, மதகு வழியே வாய்க்காலில் இறங்குகிறது, வயலில் பாய்கிறது, எஞ்சியது வடிகாலில் போகிறது. காரில் தொட்டியே ஏரி, பம்பு அதன் மதகு, எஃகுக் குழாயும் இன்ஜெக்டர்களும் வாய்க்கால், எஞ்சினே வயல், புகைக்குழாயே வடிகால். ஏரியில் எவ்வளவு இருக்கிறது, வாய்க்காலில் எவ்வளவு வேகமாக வருகிறது, வயலுக்கு எவ்வளவு தேவை, வடிகாலில் என்ன கழிந்தது என்னும் நான்கு கேள்விகளுக்கும் நான்கு இடங்களில் உணரிகள் உள்ளன. இனி ஒவ்வோர் இடமாகச் செல்வோம்.

முதல் இடம்: தொட்டி

மட்டத்தை அளக்கும் உணரி தொட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். அது ஒரு மிதவை; அதனோடு ஒரு கம்பிக் கை; கையின் மறுமுனையில் ஒரு தடைப்பட்டை. பெட்ரோல் குறையக் குறைய மிதவை தாழும், கை பட்டையின் மீது நகரும், மின்தடை மாறும். அந்த மாற்றமே முள்ளை அசைக்கிறது.

இன்ஜெக்டர் கார்களில் இம்மிதவை, பெட்ரோல் பம்போடு ஒரே கூட்டாகப் பொருத்தப்பட்டிருக்கும். தொட்டி பெரும்பாலும் பின்னிருக்கையின் அடியில் இருப்பதால், பல சிறு கார்களில் இருக்கையின் மெத்தையைத் தூக்கினாலே வட்டமான அல்லது நீள்வட்டமான ஒரு மூடி தெரியும். மூடியை எடுத்தால் கம்பிகள் சேரும் கனெக்டரும், எரிபொருள் குழாயும் காணப்படும். சில கார்களில் இத்தகைய மூடி இல்லை. அவற்றில் தொட்டியையே இறக்க வேண்டும். அது பட்டறையில் செய்ய வேண்டிய வேலை.

கனெக்டரில் வழக்கமாக நான்கு கம்பிகள் இருக்கும்: பம்புக்கு இரண்டு, மிதவைக்கு இரண்டு. பம்புக் கம்பிகள் தடிமனானவை. மிதவைக் கம்பிகள் மெல்லியவை. தொட்டியைத் திறக்காமலே, மெல்லிய கம்பிகள் செல்லும் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரால் மின்தடையை அளக்கலாம். பெட்ரோல் போடுவதற்கு முன் ஓர் அளவும் போட்ட பின் ஓர் அளவும் எடுங்கள். எண் மாறினால் மிதவை வேலை செய்கிறது. குற்றம் கம்பியிலோ முள்ளிலோ உள்ளது. எண் மாறாவிட்டாலோ, தடை முடிவிலி எனக் காட்டினாலோ, குற்றம் உள்ளே இருக்கிறது. சில கார்களில் தொட்டி நிறைந்தால் தடை குறையும், சிலவற்றில் கூடும். ஆகவே எண் எத்திசையில் மாறுகிறது என்பதைவிட, மாறுகிறதா என்பதே முக்கியம்.

முள் ஏன் சீராக இறங்குவதில்லை?

"முதல் 100 கிலோமீட்டருக்கு முள் அசையவே இல்லை, பிறகு விழுந்துவிடுகிறது" என்று நண்பர்கள் குறைப்படுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இது எப்போதும் பழுது அன்று. செம்பரம்பாக்கம் ஏரியை எண்ணிப் பாருங்கள். அதன் முழு ஆழம் 24 அடி; கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மேலே உள்ள ஓர் அடியில் தேங்கும் நீரும், அடியில் உள்ள ஓர் அடியில் தேங்கும் நீரும் ஒன்றாகுமா? ஏரி மேலே அகன்றும் கீழே குறுகியும் இருப்பதால், மேலடியில் நீர் மிகுதி. காரின் தொட்டியும் சதுரப் பெட்டி அன்று. இருக்கைக்கும் அச்சுக்கும் இடம் விட்டு வளைந்து நெளிந்தது. மிதவை அறிவது உயரத்தை. நமக்கு வேண்டியதோ அளவை. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டையே முள் காட்டுகிறது. மேடான இடத்தில் கார் சாய்ந்து நின்றாலும் முள் மாறும்.

உண்மையான பழுது வேறு வகையில் வெளிப்படும். முள் திடீரென்று பூச்சியத்துக்கு விழுந்து மீண்டும் எழும். அல்லது ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும். பட்டையும் கையும் தொடும் இடத்தில் தேய்வோ கறையோ ஏற்பட்டிருப்பது இதற்கு ஒரு காரணம். வெள்ளிக் கொலுசு கந்தகம் பட்டால் கறுத்துப்போவது நம் வீட்டில் காணும் செய்தி. 2004 மே மாதத்தில் அமெரிக்காவின் லூசியானா, ஃபுளோரிடா மாநிலங்களில் இதுவே கார்களில் நடந்தது. பெட்ரோலில் கந்தகம் மிகுந்துவிட, மிதவை உணரிகளின் வெள்ளித் தொடுமுனைகள் கறுத்தன. தொட்டி காலியாக இருக்கையில் முள் நிறைவு காட்டிற்று. நம் நாட்டில் நிலை 4 பெட்ரோலில் கந்தக வரம்பு பத்து லட்சத்தில் 50 பங்காக இருந்தது. நிலை 6-இல் அது 10 பங்காகக் குறைந்தது.

ஐதராபாத்துக்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. 2020 அக்டோபர் 13, 14 நாட்களில் பெய்த பெருமழையில் இந்நகரில் எண்ணற்ற கார்கள் நீரில் நின்றன. உள்ளே புகுந்த நீர் முதலில் தேங்குவது தரைத்தளத்தில். பின்னிருக்கைக்கு அடியில் உள்ள கனெக்டருக்கும் அது எட்டும். வெளியே மெருகிட்டு விற்றாலும் அங்கே பச்சை படிந்த செம்பும் காய்ந்த சேறும் மறையா. பழைய கார் பார்க்கப் போகும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன் பின்னிருக்கையின் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள்.

இரண்டாம் இடம்: குழாய்

குழாயில் அளக்க வேண்டியது அழுத்தம். பெரும்பாலான பழைய பெட்ரோல் கார்களில் இதற்குத் தனி உணரி கிடையாது. ஓர் எளிய வில் வால்வே அழுத்தத்தை ஏறத்தாழ 3 பார் அளவில் நிறுத்தி வைக்கும். இல்லாத உணரியைத் தேடி அலைவதும், அதை மாற்றியதாகச் சொல்லும் பில்லுக்குப் பணம் கொடுப்பதும் வீண்.

டீசல் காரில் நிலைமை வேறு. காமன் ரெயில் எஞ்சினில், இன்ஜெக்டர்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு தடித்த எஃகுக் குழாய் எஞ்சினின் மேற்புறத்தில் கிடக்கும். அக்குழாயின் ஒரு முனையில் திருகப்பட்டிருப்பதே அழுத்த உணரி. அங்கே அழுத்தம் 1,600 பாருக்கும் மேல் செல்லக்கூடும். ஓடும் எஞ்சினில் அதைத் தளர்த்தினால் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் சென்றுவிடும். அதன் இடத்தை அறிவோம், கை வைக்காதிருப்போம். டீசல் வடிகட்டியின் அடியில் மற்றோர் உணரி பல கார்களில் உண்டு. டீசலைவிட நீர் கனமானது. கலந்த நீர் அடியில்தான் தங்கும். நீரை அறியும் உணரி வடிகட்டியின் மேலே இராமல் அடியில் இருப்பதற்குக் காரணம் இதுவே. நம் விதி இங்கும் பொருந்துவதைக் காண்க.

மூன்றாம் இடம்: காற்று புகும் வாயில்

எரிபொருளைத் தொடாமலே அதன் அளவைத் தீர்மானிக்கும் உணரிகளும் உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று என்று கொள்ளலாம். ஆகவே எவ்வளவு காற்று வருகிறது என்று தெரியாமல் எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சுவது என்று கணிப்பெட்டியால் முடிவு செய்ய இயலாது.

சில கார்களில் காற்று வடிகட்டிக்கும் திராட்டிலுக்கும் நடுவே, காற்றின் நிறையை அளக்கும் உணரி இருக்கும். பல சிறு கார்களில் அதற்கு மாறாகத் திராட்டிலைக் கடந்த உட்புகு குழாயின்மீது, காற்றின் அழுத்தத்தை அளக்கும் சிறு கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கும். அது 'மேப்' உணரி. ஐதராபாத் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 540 மீட்டர் மேலே உள்ளது; இங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ 6 விழுக்காடு குறைவு. உதகமண்டலத்தில் கடற்கரை அழுத்தத்தில் முக்கால் பங்குதான். கார்புரேட்டர் காருக்கு இவ்வேறுபாடு தெரியாது. மலையேறினால் பெட்ரோல் மிகுந்து கரும்புகை கக்கும். மேப் உணரி உள்ள காரோ, தான் மெரினாவில் இருக்கிறதா கோல்கொண்டாவில் இருக்கிறதா என்பதை அழுத்தத்தால் அறிந்து அதற்கேற்ப அளக்கும்.

நான்காம் இடம்: புகைக்குழாய்

வடிகாலில் நிற்பது ஆக்சிஜன் உணரி. எரிந்த பின் புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால் பெட்ரோல் குறைவு. மிஞ்சாவிட்டால் பெட்ரோல் மிகுதி. பாஷ் நிறுவனம் ஆக்கிய இவ்வுணரி 1976-இல் வால்வோ கார்களில் முதன்முதலாக இடம்பெற்றது. இதன் உள்ளே சிர்கோனியாப் பீங்கான் இருக்கிறது. 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் அது சரிவர வேலை செய்யும். ஆகவே எஞ்சினிலிருந்து புகை வெளிவரும் இடத்துக்கு அருகில், புகைக்குழாயில் திருகப்பட்டிருக்கும். கலவைக்குத் தக்கவாறு இது 0.1 முதல் 0.9 வோல்ட் வரை மின்னழுத்தம் தரும். அண்மைக்காலக் கார்கள் பெரும்பாலானவற்றில் இரண்டு உண்டு. வினையூக்கிப் பெட்டிக்கு முன் உள்ளது கலவையைத் திருத்த. பின் உள்ளது அப்பெட்டி நலமாக இருக்கிறதா என்று பார்க்க.

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் இவ்வுணரியின் வேலை மேலும் சிறப்புப் பெற்றது. எத்தனாலுக்கு ஒரு கிலோவுக்கு 9 கிலோ காற்றே போதும். எனவே கலவைக்கு வேண்டிய காற்று 14.7 என்பதிலிருந்து ஏறத்தாழ 13.5-ஆகக் குறைகிறது. அதாவது அதே காற்றுக்குக் கூடுதலான எரிபொருள் வேண்டும். இம்மாற்றத்தைக் காருக்கு அறிவிப்பது வடிகாலில் நிற்கும் இந்த உணரியே.

குறியெண் சொல்வதும் சொல்லாததும்

நிலை 4 கார்களிலிருந்து பழுதுகாணும் அமைப்பு கட்டாயமாயிற்று. ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு முனைகள் கொண்ட ஒரு வாயில் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் குறியெண் தெரியும். பி0460 முதல் பி0464 வரை தொட்டி மட்ட உணரிக்கு உரியவை. பி0190 குழாய் அழுத்தத்துக்கு. பி0107 மேப் உணரிக்கு. பி0130 முதல் ஆக்சிஜன் உணரிக்கு.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். குறியெண் 'உணரி கெட்டது' என்று சொல்வதில்லை. 'அவ்வுணரியின் மின்சுற்றில் குறை' என்றே சொல்கிறது. சுற்று என்பதில் உணரி, கனெக்டர், கம்பி, ஃபியூஸ், தரைத்தொடர்பு ஆகிய எல்லாம் அடங்கும். எனக்குத் தெரிந்த ஒரு மாணவரின் காருக்கு, குறியெண்ணைக் காட்டி ஒரு பட்டறையில் பம்பும் மிதவையும் சேர்ந்த கூட்டையே மாற்றினர். அவருடைய இரண்டு மாத உணவகச் செலவு அதில் போயிற்று. முள் அப்போதும் அசையவில்லை. பிறகு வேறொரு மெக்கானிக் பார்த்தபோது, எலி கடித்த ஒரு மெல்லிய கம்பி அகப்பட்டது. எனவே ராணிகஞ்சில் போய் உணரி விலை கேட்பதற்கு முன், கனெக்டரைக் கழற்றிப் பச்சை இருக்கிறதா, முனை வளைந்திருக்கிறதா, கம்பி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்குச் செலவில்லை.

மறவாதீர்

பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை இருந்தால் பற்றிக்கொள்ளும். மூடிய தொட்டிக்குள் ஆவி இதைவிட மிகுதியாக இருப்பதாலும், மிதவையில் ஓடும் மின்சாரம் மிகச் சிறிதாதலாலும் அங்கே தீப்பிடிப்பதில்லை. தொட்டியைத் திறந்தவுடன் ஆவி வெளியேறிக் காற்றோடு கலக்கிறது; ஆபத்து அப்போதுதான் பிறக்கிறது. அவ்வாவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே அடுக்கு மாளிகையின் நிலவறை நிறுத்தத்தில் இவ்வேலை கூடவே கூடாது. கம்பிகளில் கை வைக்கும்முன் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். கனெக்டரைத் தாண்டித் தொட்டியைத் திறக்க வேண்டி வந்தால் தேர்ந்த மெக்கானிக்கை அழையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுக்காதீர்கள்.

கற்றது நிலைக்கச் சிறு பயிற்சி ஒன்று தருகிறேன். உங்கள் காரின், அல்லது நண்பர் காரின், உருவை ஒரு தாளில் வரைந்து, தொட்டியிலிருந்து புகைக்குழாய் வரை ஒரு கோடு இழுங்கள். நான்கு இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றிலும் எது அளக்கப்படுகிறது என்று எழுதுங்கள். பிறகு எஞ்சின் குளிர்ந்திருக்கையில் பானட்டைத் திறந்து, எதையும் கழற்றாமல், கண்ணால் மட்டும் தேடுங்கள். தாளில் நீங்கள் குறித்த இடத்தில் உணரி இருப்பதைக் காண்பீர்கள். அந்தத் தாளைக் காரின் கையேட்டுக்குள் மடித்து வையுங்கள். பட்டறைக்குப் போகும் நாளில் அது உங்கள் பக்கம் நின்று பேசும்.